கொசுவுக்கு ரத்தம் ஊட்டும் கருவிகள்: ஹீமோடெக்கா, கண்ணாடிக் குப்பியா, கையால் செய்வதா?

எதை வாங்குவது என்று மட்டும் கேட்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடலாம். டெங்கு, சிக்குன்குனியா வைரஸ் கலந்த ரத்தத்தை ஊட்டும் ஆய்வகம் என்றால் மின்சாரத்தால் சூடேறும் ஹீமோடெக். மலேரியா நோயாளியிடம் எடுத்த சொற்ப ரத்தத்தை வைத்துச் சோதனை செய்கிறவர்களுக்குச் சிறிய கண்ணாடிக் குப்பி. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவை முட்டைக்காக மட்டும் வளர்க்கும் கல்லூரி விலங்கியல் துறைக்கும் கண்ணாடியே போதும். மிஞ்சும் பணத்தில் நுனி மெல்லிசான தெர்மாமீட்டர் ஒன்றும் பாராஃபிலிம் என்ற இழுபடும் மெழுகுத் தாள் சுருள் இரண்டும் வாங்கிக்கொள்ளுங்கள். எப்போதாவது ஒரு கூண்டுக்கு ஊட்டினால் போதுமா? ஐம்பது மில்லி பிளாஸ்டிக் குழாயில் நீங்களே செய்துகொள்ளலாம்.

இவற்றில் எதை வாங்கினாலும், கொசு குடிக்கவில்லை என்ற புகார் வந்தால் பத்துக்கு எட்டு முறை குற்றம் கருவியில் இருக்காது. சவ்விலோ, ரத்தத்திலோ, பட்டினி போட்ட முறையிலோ இருக்கும். அதனால் இந்த மதிப்புரையில் கருவிக்குப் பாதி இடம், மற்றவைக்குப் பாதி.

பெண் கொசுவுக்கு மட்டும்தான் ரத்தம் வேண்டும், அதுவும் முட்டைக்காக. அன்றாடப் பிழைப்புக்கு ஆணும் பெண்ணும் சர்க்கரைத் தண்ணீரையே குடிக்கும். ரத்தம் கிடைக்காத கூண்டில் ஏடிஸ் எஜிப்டியின் அடுத்த தலைமுறை கிடையாது. அதனால் வெகுகாலம் ஆய்வாளரே கையைக் கூண்டுக்குள் நீட்டினார், இல்லையென்றால் மயிர் மழித்த முயலைக் கூண்டோடு ஒட்டி வைத்துக் கட்டினார். 1897இல் செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ், மலேரியா நோயாளி ஹுசைன் கானைக் கொசுக்களுக்குக் கடிக்கக் கொடுத்து, கடித்த கொசு ஒன்றுக்கு ஒரு அணா கூலி கொடுத்தார். இன்று அப்படி ஒரு திட்டத்தை எந்த நெறிக்குழுவிடமும் கொண்டுபோக முடியாது. விலங்கு என்றால் நிறுவன விலங்கு நெறிக்குழுவின் அனுமதி, மனிதக் கை என்றால் மனித நெறிக்குழுவின் அனுமதி. அந்தக் கையும் கிருமி இல்லாத வளர்ப்புக் கொசுவுக்கு மட்டும்தான். வைரஸ் கலந்து ஊட்டுவதற்குச் சவ்வை விட்டால் நடைமுறையில் வேறு வழி இல்லை. வெதுவெதுப்பான ரத்தம், அடியில் மெல்லிய சவ்வு, சவ்வை ஒட்டிக் கூண்டின் வலை, வலைக்குக் கீழே பசித்த கொசு. எல்லாக் கருவிகளும் இந்த ஒரே ஏற்பாட்டின் வேறு வேறு வடிவங்கள்தான்.

கண்ணாடிக் குப்பிதான் இவற்றில் மூத்தது. 1964இல் ரட்லெட்ஜ், வார்டு, கூல்டு என்ற மூவர் வெளியிட்ட வடிவமே இன்றும் ஏறக்குறைய அப்படியே புழங்குகிறது. கவிழ்த்த மணி போன்ற குப்பி, அதைச் சுற்றி இரட்டைச் சுவர், அந்தச் சுவர்களுக்கு நடுவே வெந்நீர் ஓடப் பக்கவாட்டில் இரண்டு கிளைக்குழாய்கள். மேலே உள்ள குழாய் வழியாக ரத்தம் விட வேண்டும். கீழ்வாயில் சவ்வை இழுத்து ரப்பர் வளையம் போட வேண்டும். ஆய்வகக் கண்ணாடி ஊதிச் செய்கிற பட்டறையில் படம் வரைந்து கொடுத்தால் செய்து தருவார்கள். கீழ்வாய் விளிம்பு நன்றாக மழுங்கியிருக்க வேண்டும் என்பதை மட்டும் அழுத்திச் சொல்லிவிடுங்கள். கூரான விளிம்பு சவ்வை அறுத்துவிடும்.

தண்ணீர் கீழ்க்கிளை வழியாக நுழைந்து மேல்க்கிளை வழியாக வெளியேற வேண்டும். மாற்றி இணைத்தால் இரட்டைச் சுவருக்குள் காற்று தங்கும், அந்தப் பக்கத்து ரத்தம் சூடேறாது. வெந்நீர் அனுப்பும் சூடேற்றுத் தொட்டியான வாட்டர் பாத்தை 37 டிகிரியில் வைத்தால் சவ்வருகே 37 வராது. ரப்பர் குழாயின் நீளத்தையும் அறையின் ஏசியையும் பொறுத்து ஒன்றிரண்டு டிகிரி வழியிலேயே இறங்கிவிடும். நான்கைந்து குப்பிகளை வரிசையாக இணைத்தால் கடைசிக் குப்பிதான் எப்போதும் ஆறிப்போனது. அளக்க வேண்டிய இடம் சவ்வின் உள்பக்கம். வாட்டர் பாத்தின் திரையில் தெரியும் எண்ணை ஆய்வறிக்கையில் எழுதுவது சுயஏமாற்று.

கண்ணாடியின் பெரிய பலம் சிக்கனம். சிறிய குப்பியில் 0.3 மில்லி ரத்தம் விட்டாலே ஊட்டலாம். ஒரு ஏடிஸ் பெண் ஒரு வேளைக்குக் குடிப்பது இரண்டு மூன்று மைக்ரோலிட்டர்தான். நூறு கொசு வயிறு முட்டக் குடித்தாலும் கால் மில்லியைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவே. நோயாளியிடமிருந்து இரண்டு மில்லி ரத்தம்தான் வாங்க முடிந்தது என்ற நிலையில் இந்தக் கணக்குதான் கருவியைத் தீர்மானிக்கிறது. பலவீனம், குழாய்கள். ஒரு கிளைக்குழாய் நழுவினால் மேசையெங்கும் வெந்நீர். வைரஸ் கையாளும் பாதுகாப்பு அலமாரிக்குள் நான்கு தண்ணீர்க் குழாய்களைக் கொண்டுபோய் வளைத்து நெளித்து வைப்பது கிட்டத்தட்ட விபத்துக்கு அழைப்பு.

ஹீமோடெக் அந்தக் குழாய்களை ஒழித்துக்கட்டிய கருவி. இங்கிலாந்தின் லங்காஷயரில் தயாராவது. தண்ணீருக்குப் பதிலாக ஒவ்வொரு ஊட்டியிலும் சிறிய மின்சூடேற்றி. மாதிரிக்கு ஏற்ப ஒரு மின்பெட்டியிலிருந்து ஐந்து அல்லது ஆறு ஊட்டிகளுக்குக் கம்பி போகும். ஊட்டியின் அடியில் திருகும் உலோகக் கிண்ணம் ஏறக்குறைய மூன்று மில்லி பிடிக்கும். கிண்ணத்தின் வாயில் சவ்வைப் போர்த்தி ரப்பர் ஓ-வளையத்தால் இறுக்க வேண்டும். பின்பக்கத்தில் இரண்டு துளைகள்: ஒன்றில் ரத்தம் உள்ளே போகும், மற்றதில் காற்று வெளியேறும். இரண்டுக்கும் பிளாஸ்டிக் அடைப்பான் உண்டு. ஊட்டியை அலமாரிக்குள் வைத்து, கம்பியை மட்டும் வெளியே விட்டால் போதும். ஆறு ஊட்டிகளில் ஆறு வகை ரத்தம் வைத்து, ஒரே நேரத்தில் ஒரே வெப்பத்தில் ஒப்பிடலாம். கண்ணாடி வரிசையில் இந்த ஒப்பீட்டைச் சந்தேகமில்லாமல் செய்ய முடியாது. இவ்வளவு பணம் கொடுப்பது இந்த ஒரு காரியத்துக்குத்தான்.

ஊட்டிகள் 37 டிகிரிக்கு அமைக்கப்பட்டே வரும், திருகி மாற்றிக்கொள்ளவும் முடியும். வந்ததும் ஆறையும் தண்ணீர் நிரப்பி, சவ்வு போட்டு, அரைமணி ஓடவிட்டு, ஒவ்வொன்றையும் தனியாக அளந்து ஊட்டியின் மேலேயே எண் எழுதி ஒட்டிவிடுங்கள். ஆறு மாதத்துக்கொருமுறை மறுபடி அளக்க வேண்டும்.

மூன்று மில்லிக் கிண்ணத்தில் ஒரு மில்லி விட்டு மிச்சம் பிடிக்கலாம் என்று நினைக்காதீர்கள். சூடு மேலிருந்து வருகிறது, ரத்தமோ அடியில் சவ்வின்மேல் தங்குகிறது. நடுவில் நிற்கும் காற்று போர்வை போலச் சூட்டைத் தடுக்கும். மின்பெட்டியில் விளக்கு எரியும், ஆனால் சவ்வின்மேல் இருக்கும் ரத்தம் அறைவெப்பத்துக்கு இறங்கிக்கொண்டிருக்கும். கொசு வந்து உட்காரும், குத்திப் பார்க்கும், போய்விடும். அடுத்த சங்கதி மின்வெட்டு. வாட்டர் பாத்தில் உள்ள பத்து லிட்டர் தண்ணீர் கால்மணி நேரத்துக்குச் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். சிறிய கிண்ணத்தால் அது முடியாது. யுபிஎஸ் இல்லாமல் ஹீமோடெக்கை வைரஸ் வேலைக்கு வைக்கக் கூடாது.

மூன்றாவது, கிளைட்யூப். 2013இல் பிரேசில் ஆய்வாளர்கள் வெளியிட்ட முறை. ஐம்பது மில்லி கூம்புக் குழாயின் திருகு மூடியை நடுவில் வட்டமாக வெட்டி, அந்த வட்டத்தின்மேல் பாராஃபிலிமை இழுத்துப் போர்த்து, மூடிக்குள் இரண்டு மில்லி ரத்தம் விட்டு, அதன்மேல் இன்னொரு தாள் போட்டு மூடுவது. ஏறக்குறைய 50 டிகிரிக்குச் சூடேற்றிய கிளிசராலைக் குழாயில் நிரப்பி, அதைத் தலைகீழாக மூடியின்மேல் பொருத்தினால் ஊட்டி தயார். மின்சாரம் வேண்டாம், தண்ணீர்க் குழாய் வேண்டாம். கிராமத்துப் பள்ளிக்கூடத்தில்கூடக் காட்டலாம். குறை, வெப்பம் ஓரிடத்தில் நிற்காது. தொடக்கத்தில் கொஞ்சம் அதிகம், அரைமணி கழித்துக் கொஞ்சம் குறைவு. முட்டைக்காக வளர்ப்பவருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. ஏடிஸ் நன்றாகக் குடிக்கும். எண்களை ஒப்பிட வேண்டிய சோதனைக்கு ஆகாது.

வெப்பத்துக்கு ஏன் இத்தனை பாடு? சூடு கொசுவை வரவழைக்கிறது, அது எல்லோருக்கும் தெரிந்ததே. மலேரியா வேலையில் இன்னொரு காரணம் உண்டு. ரத்தத்தில் உள்ள மலேரியா ஒட்டுண்ணியின் பாலணுக்கள் மனித உடலின் சூட்டில் உறங்கிக் கிடக்கும். வெப்பம் ஐந்து டிகிரி அளவுக்கு இறங்கினால் கொசுவின் வயிற்றுக்குள் வந்துவிட்டதாக நினைத்து விழித்துக்கொள்ளும். பத்துப் பதினைந்து நிமிடத்தில் ஆண் பாலணு இழை இழையாகப் பிரிந்து நீந்தத் தொடங்கிவிடும். அது சிரிஞ்சுக்குள்ளேயே நடந்துவிட்டால் கொசு எவ்வளவு குடித்தும் பயனில்லை. எனவே ரத்தம் எடுக்கும் குழாய், பிப்பெட் நுனி, சிரிஞ்ச், குப்பி எல்லாமே முன்கூட்டி 37 டிகிரியில் இருக்க வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பாரின்தான் சேர்க்க வேண்டும். மற்ற உறைதடுப்பான்களான இடிடிஏவும் சிட்ரேட்டும் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், கால்சியம் இல்லாமல் அந்த விழிப்பே நிகழாது.

இனி சவ்வு. பாராஃபிலிம் எல்லா ஆய்வகத்திலும் கிடக்கும், அதனால் அலட்சியம் அதிகம். சுருளிலிருந்து வெட்டியபடி அப்படியே போர்த்தினால் அது கொசுவுக்குச் சுவர். ஐந்து சென்டிமீட்டர் சதுரமாக வெட்டி, பின்தாளை உரித்து, இரு ஓரங்களையும் பிடித்து ஒரே சீராக இழுக்க வேண்டும். நீளம் இரண்டு மடங்கு ஆனதும் நிறுத்தி, தொண்ணூறு டிகிரி திருப்பி, மறுபடி அதே மாதிரி. கலங்கலான வெள்ளைத் தாள், கீழே உள்ள எழுத்து தெரியும் அளவுக்குத் தெளியும். நடுவில் வெள்ளைக் கோடு ஓடினால் அங்கே கிழியப் போகிறது என்று பொருள், தூக்கிப் போட்டுவிட்டு வேறு வெட்டுங்கள். விரல்நகம் பட்டால் போதும், ஊசித்துளை விழும். ரத்தம் நிரப்பியதும் கிண்ணத்தை ஒரு நிமிடம் வடிதாளின் மேல் வைத்துப் பாருங்கள். சிவப்புப் புள்ளி தெரிந்தால் கூண்டுக்கு மேல் கொண்டுபோக வேண்டாம்.

பாராஃபிலிமுக்கு மணம் இல்லை. கொசுவைப் பொறுத்தவரை அது வெறும் சுடுமேசை. இழுப்பதற்கு முன்பு தாளைக் கழுத்திலோ முன்கையிலோ ஓரிரு நிமிடம் நன்றாகத் தேய்த்தால் தோலின் மணம் ஏறும், வந்து உட்காரும் கொசுவின் எண்ணிக்கை கூடும். ஒருநாள் முழுக்க அணிந்த காலுறையை ஊட்டியைச் சுற்றிக் கட்டுவதும் பழைய தந்திரம், சிரிப்பு வந்தாலும் வேலை செய்யும். தேய்க்கும் தோலில் வாசனைச் சோப்பு, பவுடர், கொசு விரட்டிக் களிம்பு எதுவும் இருக்கக் கூடாது. முதல்நாள் களிம்பு தடவிய கையால் சவ்வு இழுத்துவிட்டு, கொசுவுக்கு நோய் என்று முடிவு கட்டுபவர்கள் உண்டு. ஒப்பீட்டுச் சோதனை என்றால் எல்லாச் சவ்வையும் ஒரே ஆள் தேய்க்க வேண்டும், அல்லது யாருமே தேய்க்கக் கூடாது. ஆளுக்கு ஆள் மணம் மாறும்.

பன்றிக் குடல், அதாவது சாசேஜ் உறை, மலிவானது. உப்பில் ஊறி வரும். பலமுறை அலசி, தண்ணீரில் ஊறவைத்து, உப்பு முழுக்க இறங்கிய பிறகே பயன்படுத்த வேண்டும். பாராஃபிலிமை முகர்ந்தும் பார்க்காத கொசு சில நேரம் இதில் குடிக்கும். கசிவுதான் இதன் குறை. மாட்டுக் குடலின் வெளிச்சவ்விலிருந்து செய்யும் பாத்ரூஷ், மலேரியா பரப்பும் அனாபிலஸ் கொசுவை வளர்க்கும் ஆய்வகங்களில் பெயர் பெற்றது, விலைதான் கடிக்கும். கொல்லாஜன் சவ்வு இரண்டுக்கும் நடுவே. மணல் ஈக்குக் கோழிக்குஞ்சின் தோல், ஆப்பிரிக்க செட்சி ஈக்கு சிலிக்கோன் சவ்வு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பிடிவாதம். மூட்டைப்பூச்சி மட்டும் அப்படியல்ல, பாராஃபிலிமில் மகராசியாகக் குடிக்கும்.

ரத்தம் வாங்குவதில்தான் காரியம் கெடுவது அதிகம். ஆட்டுத்தொட்டியில் வாங்குவதென்றால், பொரியலுக்குப் பிடிக்கிற மாதிரி உப்போ தண்ணீரோ சேர்த்துவிட வேண்டாம் என்று முன்பே சொல்லிவைக்க வேண்டும். மலேரியா வேலை அல்லாத ஊட்டலுக்கு, உறையாமல் இருக்க இரண்டு வழி. 3.8 சதவீத சோடியம் சிட்ரேட் கரைசல் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு ரத்தம் பிடிப்பது ஒன்று. கண்ணாடி மணிகள் போட்ட குடுவையில் பிடித்து, நார் முழுவதும் மணிகளில் சுற்றிக்கொள்ளும்வரை விடாமல் சுழற்றுவது மற்றொன்று. நான்கு டிகிரியில் வைத்து ஒரு வாரத்துக்குள் தீர்ப்பது நல்லது. மேலே நிற்கும் தெளிநீர் வைக்கோல் நிறத்திலிருந்து செம்பருத்திச் சாறு மாதிரி மாறினால் சிவப்பணுக்கள் உடைந்துவிட்டன என்று அர்த்தம், கொட்டிவிடுங்கள். உறைபெட்டியில் வைத்து உருக்கினாலும் இதே கதைதான்.

அந்த ஆட்டுக்கோ மாட்டுக்கோ சமீபத்தில் ஐவர்மெக்டின் ஊசி போட்டார்களா என்று கேளுங்கள். புழுவுக்கும் உண்ணிக்கும் போடும் அந்த மருந்து ரத்தத்தில் தங்கிக் கொசுவையும் கொல்லும், முட்டையையும் குறைக்கும். ரத்தம் குடித்த கொசு மறுநாள் கூண்டின் அடியில் கூட்டமாகச் செத்துக் கிடந்தால் முதல் சந்தேகம் இதுவாகவே இருக்கட்டும். ரத்த வங்கியில் காலாவதியான பைகளை நெறிக்குழு அனுமதியோடு வாங்கலாம். எச்ஐவி, மஞ்சள் காமாலை பி, சி, மேகநோய், மலேரியா ஆகிய ஐந்துக்கும் சோதித்தே பையில் அடைத்திருப்பார்கள் என்பது ஒரு நிம்மதி.

எந்த மிருகத்தின் ரத்தம் என்பதும் சில கொசுக்களுக்கு முக்கியம். டெங்கு பரவலைக் குறைக்கக் கொசுவுக்குள் ஏற்றும் வோல்பாக்கியா பாக்டீரியாவின் ஒரு வகையான டபிள்யூமெல்பாப் தாங்கிய ஏடிஸ், மனித ரத்தம் குடித்தால் ஓரளவு முட்டையிடும். மற்ற விலங்கின் ரத்தம் குடித்தால் பொரியும் முட்டை வெகுவாகக் குறைந்துவிடும் என்று ஆஸ்திரேலிய ஆய்வு 2011இல் காட்டியது. இங்கே புதுச்சேரியின் நோய்க்கடத்தி கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் உருவாக்கிய ஏடிஸ் இனங்களில் இருப்பவை டபிள்யூமெல், டபிள்யூஆல்ப்பி என்ற வேறு வகைகள். ஆனாலும் வோல்பாக்கியா ஏற்றிய எந்த இனத்தை வளர்க்கத் தொடங்கினாலும், ஆட்டு ரத்தமே போதுமா என்பதை முதல் இரண்டு தலைமுறையில் முட்டை எண்ணிப் பார்த்துவிடுவது உத்தமம்.

பழைய ரத்தத்துக்கும், வைரஸ் கரைசலோடு பாதிக்குப் பாதி கலந்த சிவப்பணுவுக்கும், உயிரணுக்களின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபி சேர்க்க வேண்டும். ஏடிஸை வயிறு நிறையக் குடிக்கத் தூண்டுவது ஏடிபிதான் என்பது 1963இலேயே தெரிந்த செய்தி. 100 மில்லிமோலார் கரைசலாகத் தயாரித்து, சிறு சிறு குழாய்களில் உறையவைத்து, ஒரு மில்லி ரத்தத்துக்குப் பத்து மைக்ரோலிட்டர் விட்டால் ஒரு மில்லிமோலார் வரும். ஏடிபி கரைசல் அமிலத்தன்மை கொண்டது. சோடியம் ஹைட்ராக்சைடால் பிஎச் 7க்குக் கொண்டுவராமல் ஊற்றினால் ரத்தம் பழுப்பேறிப் போகும். அப்போதே பிடித்த புது ரத்தத்துக்கு இது தேவையில்லை. அனாபிலஸ் இதை அவ்வளவாகச் சட்டை செய்யாது.

பட்டினிக்கும் அளவு உண்டு. கூட்டுப்புழுவிலிருந்து (பியூப்பா) வந்து ஐந்து முதல் ஏழு நாளான, ஆணோடு சேர்ந்திருந்த பெண்கள்தான் நன்றாகக் குடிக்கும். முதல்நாள் மாலை சர்க்கரைப் பஞ்சை எடுத்துவிட்டு, வெறும் தண்ணீர்ப் பஞ்சு வைக்க வேண்டும். அதையும் ஊட்டுவதற்கு நான்கைந்து மணி நேரம் முன்பு எடுத்துவிடலாம். அறை 27 டிகிரி, ஈரப்பதம் 70 முதல் 80 சதவீதம். ஏசி காற்று ஈரத்தை உறிஞ்சிவிட்ட அறையில் இதே பட்டினி போட்டால் காலையில் எண்ணுவதற்குப் பிணம்தான் மிஞ்சும். வலை போட்ட காகிதக் குவளைக்கு ஐம்பது பெண்கள் கணக்கு. நூறைத் தாண்டினால் சவ்வில் இடம்பிடிக்கத் தள்ளுமுள்ளு, பாதி அரைவயிறோடு நிற்கும்.

ரத்தத்தை 37க்குச் சூடேற்றிய பிறகே நிரப்புங்கள். குளிர்ந்த ரத்தத்தை ஊற்றி அடைப்பானைப் போட்டுவிட்டால், உள்ளே மாட்டிய காற்று சூட்டில் விரிந்து சவ்வை வயிறு போல உப்ப வைக்கும், கடைசியில் ஓ-வளையத்தின் ஓரத்தில் கசியும். கிண்ணத்தைச் சாய்த்துப் பிடித்து, மழுங்கிய ஊசியால் ஒரு துளையில் மெதுவாக விட்டால் மறு துளை வழியே காற்று முழுக்க வெளியேறும். ஒரு குமிழி தங்கினாலும் அந்த இடத்தில் கொசுவுக்குக் கிடைப்பது வெறும் காற்று. சவ்வு கூண்டு வலையை அழுத்தித் தொட வேண்டும். கொசுவின் ஊசிவாய் இரண்டு மில்லிமீட்டர் சொச்சம்தான். விரல்கடை இடைவெளி விட்டு வைத்துவிட்டுக் குடிக்கவில்லையே என்று புலம்பிப் பயனில்லை.

ஏடிஸ் பகல் கொசு. வெளிச்சத்திலேயே ஊட்டலாம். குவளையின்மேல் மெல்ல ஒரு மூச்சு விட்டால் கரியமிலவாயு பட்டதும் சுவரில் ஒட்டியிருந்தவை எல்லாம் கிளம்பும். முதலில் ஒன்றிரண்டு சவ்வில் உட்கார்ந்து எழும். பிறகு ஒன்று நிலைகொண்டு தலையைத் தாழ்த்தும். ஊசியைப் போர்த்திய உறை முழங்கையாக மடங்கினால் உள்ளே இறங்கிவிட்டது என்று அறியலாம். பின்கால்கள் மேலே தூக்கியபடி நிற்கும். இரண்டு மூன்று நிமிடத்தில் வயிறு குன்றிமணி போலச் சிவந்து திரளும், கொசு கனத்தோடு தடுமாறிப் பறந்து சுவரில் ஒட்டிக்கொள்ளும். முப்பது முதல் நாற்பத்தைந்து நிமிடம் போதும். அதற்கு மேல் வைத்தால் குடிக்கும் கொசுவின் எண்ணிக்கை பெரிதாக ஏறாது, 37 டிகிரியில் வைரஸின் வீரியம்தான் இறங்கும். தொடக்கத்திலும் முடிவிலும் ரத்தத்தில் ஒரு துளி எடுத்து வைத்து இரண்டையும் அளக்க வேண்டும். சிவப்பணு அடியில் படியும் என்பதால் கால்மணிக்கு ஒருமுறை ஊட்டியை எடுத்து மெல்லச் சாய்த்து நிமிர்த்தி வையுங்கள்.

சென்னை மாடிகளின் தண்ணீர்த் தொட்டிகளில் வளரும் அனாபிலஸ் ஸ்டீபன்சிக்கு இருட்டு வேண்டும். கறுப்புத் துணியால் மூடுங்கள். அது குடிக்கக் குடிக்க வாலிலிருந்து சிவப்புத் துளி சொட்டும். சவ்வு கிழிந்துவிட்டதோ என்று பதற வேண்டாம். சிவப்பணுக்களை வயிற்றில் அடர்த்தியாக்கிக்கொண்டு மிகுதியை வெளியேற்றுவது அதன் வழக்கம். யானைக்கால் நோய் பரப்பும் கியூலெக்ஸ் குயின்குஃபேசியேட்டஸ்தான் அடங்காப்பிடாரி. எந்தக் கருவியிலும் ஏடிஸ் அளவுக்குக் குடிக்காது. இரவில், இருட்டில், கோழி ரத்தம் வைத்து, குடலோ கோழித்தோலோ சவ்வாகப் போட்டு, இரண்டு மூன்று மணி நேரம் பொறுமையாக இருக்க வேண்டும். கியூலெக்ஸுக்காக மட்டும் ஹீமோடெக் வாங்குவது வீண்.

முடிந்ததும் குவளையை ஐஸில் ஐந்து நிமிடம் வைத்து மயக்கி, நிறையக் குடித்தது, அரைகுறை, குடிக்காதது என்று மூன்றாகப் பிரித்து எண்ணுங்கள். அரைகுறையைக் குடித்ததோடு சேர்த்து எண்ணினால் சதவீதம் அழகாகத் தெரியும், முட்டை எண்ணும்போது அம்பலமாகும். குடித்தவற்றுக்குப் பத்து சதவீதச் சர்க்கரைப் பஞ்சு. மூன்றாம் நாள், முட்டையிட, உள்சுவரில் வடிதாள் சுற்றிய ஈரக் கிண்ணம்.

இந்தக் கருவிகள் எதைச் சொல்லாது என்பதும் வாங்குகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். சவ்வில் குடிக்கும் பழக்கம் தலைமுறை தலைமுறையாகக் கூண்டுக்குள் தேர்ந்தெடுக்கப்பட்டது. குடித்ததுதான் முட்டையிட்டது, அதன் பிள்ளைகள்தான் அடுத்த கூண்டில். பல பத்தாண்டுகளாக வளரும் ராக்கஃபெல்லர், லிவர்பூல் போன்ற இனங்கள் காட்டும் சதவீதத்தை, போன மாதம் தெருவில் பிடித்த கொசுவிடம் எதிர்பார்க்கக் கூடாது. முதல் தலைமுறைக் காட்டுக்கொசு பெரும்பாலும் சவ்வைத் திரும்பிப் பார்க்காது. ஏடிஸ் வீட்டில் ஒரே ஆளிடம் வயிறு நிறையக் குடிப்பதும் இல்லை. தட்டுப்பட்டால் பறந்து, வேறு ஆளிடம் போய்க் கொஞ்சம் குடித்து, ஒரே முட்டைச் சுற்றுக்குள் பலரைக் கடிக்கும். டெங்கு ஒரு வீட்டாரை வரிசையாகப் படுக்க வைப்பதற்கு இதுவும் காரணம். யாரும் அடிக்க வராத சவ்வின்மேல் இந்தக் குணம் தெரியவே தெரியாது. மனிதனையா மாட்டையா விரும்புகிறது என்று அறிய, வெளியே பிடித்த கொசுவின் வயிற்று ரத்தத்தை எலிசாவிலோ பிசிஆரிலோ சோதிக்க வேண்டும். வைத்த ரத்தத்தைக் குடிக்கிறதா என்பதற்கு மட்டும்தான் ஊட்டி பதில் சொல்லும்.

கழுவுவது பற்றிக் கடைசியாக. முதலில் பச்சைத் தண்ணீர். வெந்நீர் ஊற்றினால் ரத்தம் வெந்து உலோகத்தில் ஒட்டிக்கொள்ளும், பிறகு சுரண்டிச் சுரண்டிக் கிண்ணம்தான் தேயும். அடுத்து மிதமான சோப்பு நீர், பல்துலக்கும் மெல்லிய தூரிகையால் இரண்டு துளைகளுக்குள்ளும் ஒரு சுற்று, கடைசியில் 70 சதவீத ஆல்கஹால். கண்ணாடியைப் பிளீச்சில் ஊறப்போடலாம், அலுமினியக் கிண்ணத்தை இரவு முழுக்கப் போட்டால் அரித்துவிடும். ஹீமோடெக் வாங்கும்போது கிண்ணங்களை ஊட்டிகளின் எண்ணிக்கையைப் போல் இரண்டு மடங்காக வாங்கிக்கொள்ளுங்கள். ஓ-வளையமும் அடைப்பானும் முதல் ஆர்டரிலேயே ஒரு டஜன் கூடுதலாகச் சேர்த்துவிடுங்கள். காய்ந்து வெடித்த வளையம் ஒன்றுக்காக வெளிநாட்டு ஆர்டர், சுங்கம், கல்லூரிக் கணக்குப் பிரிவின் மூன்று கையெழுத்து என்று அலைவதற்குள் நான்கு தலைமுறைக் கொசு வளர்ந்து முடிந்துவிடும்.